வாஷ்அவுட் எத்தனை டிகிரி வைப்பது? வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் நம் ஆட்கள் நாலு பேர் கூடி விமானம் கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அதில் ஒருவராவது எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை அல்லது என்ஏஎல் விமான ஆய்வுக்கூடம் பக்கம் வேலை பார்த்தவராக இருப்பார். பேச்சு இன்ஜின், பிளைவுட், பெயின்ட் என்று போய்க் கடைசியில் இறக்கைக்கு வரும். உடனே யாராவது ஒருவர், "ரெண்டு டிகிரி வாஷ்அவுட் வச்சிடுங்க, போதும்" என்பார். ஏன் இரண்டு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலைக் கணக்குப் போட்டு எடுப்பது எப்படி, எடுத்ததை இறக்கையில் பிசகாமல் கொண்டுவருவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

இறக்கையின் அடியைவிட (உடலோடு சேரும் இடம்) நுனி சற்றுக் குறைந்த கோணத்தில் காற்றைச் சந்திக்கும்படி முறுக்கி வைப்பதுதான் வாஷ்அவுட். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறினால் மேற்பரப்பில் காற்று ஒட்டாமல் பிரிந்து இறக்கை ஸ்டால் ஆகும். ஸ்டால் அடியில் தொடங்கினால் விமானம் குலுங்கும், மூக்கு தாழும், நுனிப் பக்கம் இருக்கும் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகை) இன்னும் சொன்னபடி கேட்கும். நுனியில் தொடங்கினால் ஒரு பக்க இறக்கை சட்டென்று விழும், எய்லரானைத் திருப்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். தரையிறங்கக் கடைசித் திருப்பத்தில் இருக்கும்போது இது நடந்தால் மீள்வதற்கு உயரம் இருக்காது.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், அனுமதியோடு ஒரு செஸ்னா 172 அருகில் போய் இறக்கையின் நுனிக்கு நேராக நின்று உள்ளே பாருங்கள். அடி ஒன்றரை டிகிரி மேல்நோக்கி, நுனி ஒன்றரை டிகிரி கீழ்நோக்கி, மொத்தம் 3 டிகிரி. ஸ்பிட்ஃபயரில் அடி 2, நுனி மைனஸ் அரை, ஆக 2.5 டிகிரி. வீட்டில் கட்டுவோர் உலகம் முழுக்க விரும்பும் வான்ஸ் ஆர்வி-7-இல் முறுக்கே கிடையாது. அதுவும் ஒழுங்காகத்தான் ஸ்டால் ஆகிறது. ஆகவே "எல்லா விமானத்துக்கும் இத்தனை" என்று ஒரு எண் இல்லை.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்

நீங்கள் கட்டுவது இன்னொருவர் வரைந்த பிளானா, கிட்டா, சொந்த வடிவமைப்பா? பிளான் அல்லது கிட் என்றால் அதில் எழுதியிருக்கும் வாஷ்அவுட்டை அரை டிகிரிகூட மாற்றாதீர்கள். வடிவமைத்தவர் அந்த எண்ணை வைத்துத்தான் வால் கோணம், ஸ்பாரின் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்பு) பலம், எய்லரான் அளவு எல்லாவற்றையும் முடிவு செய்திருப்பார். உங்களுக்கு இந்தக் கட்டுரையில் கட்டும் பகுதியும் சோதிக்கும் பகுதியும் போதும்.

கனார்ட் வகை என்றால் கதையே வேறு. என்ஏஎல் 1987-இல் பெங்களூரில் பறக்கவிட்ட இலகு கனார்ட் ஆராய்ச்சி விமானம் அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் லாங்-ஈஸி வழிவந்தது. அந்த வகையில் முன்னால் இருக்கும் சிறு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி மூக்கைத் தாழ்த்திவிட வேண்டும், பெரிய இறக்கை ஸ்டால் வரைக்கும் போகவே கூடாது. கீழே வரும் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

காகிதப் பக்கம்: சொந்த வடிவமைப்பு என்றால் விமானங்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான டிஜிசிஏ-விடம் பலகை அறுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். மும்பை காந்திவலியில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு 2017-இல்தான் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் அலைந்த பிறகு கிடைத்தது அது.

அடுத்தது, இறக்கையின் வடிவம்

வாஷ்அவுட்டை முடிவு செய்வது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் இறக்கை வடிவம்தான். அடி முதல் நுனி வரை ஒரே அகலம் கொண்ட செவ்வக இறக்கையில் அடிப் பகுதிதான் அதிகம் உழைக்கும், ஸ்டாலும் தானாகவே அங்கே தொடங்கும். ஆர்வி-7 முறுக்கு இல்லாமல் சமாளிக்கும் ரகசியம் இவ்வளவுதான். நுனியை ஒடுக்க ஒடுக்க, அதிகம் உழைக்கும் இடம் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு நகரும்? இதற்கு ஷ்ரெங்க் முறை என்று ஓர் எளிய வழி உண்டு. ஜெர்மானியரான ஆஸ்கர் ஷ்ரெங்க் எழுதியதை அமெரிக்காவின் விமான ஆய்வு அமைப்பான நாகா 1940-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. கால்குலேட்டர் போதும். உங்கள் இறக்கையின் பரப்பும் (நுனிக்கு நுனி) நீளமும் உள்ள ஒரு நீள்வட்ட இறக்கையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் அடி அகலம், நான்கு மடங்கு பரப்பை, பையால் (π) பெருக்கிய நீளத்தால் வகுத்தால் வரும். வெளியே போகப் போக அந்த அகலம் எப்படிக் குறையும் என்றால், பாதி இறக்கையில் எவ்வளவு தூரம் என்ற பின்னத்தை வர்க்கமாக்கி 1-இலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்துப் பெருக்க வேண்டும். ஓரிடத்தில் நீள்வட்ட அகலத்தை உங்கள் இறக்கையின் அகலத்தால் வகுத்து, 1 கூட்டி, பாதியாக்கினால், அந்த இடம் மொத்த இறக்கையின் சராசரியைப் போல எத்தனை மடங்கு உழைக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு போடுவோம். நீளம் 8 மீட்டர், பரப்பு 10 சதுர மீட்டர். நீள்வட்டத்தின் அடி அகலம் 1.59 மீட்டர்.

செவ்வக இறக்கை என்றால் அகலம் எங்கும் 1.25 மீட்டர். அடியில் 1.14 மடங்கு, பாதி தூரத்தில் 1.05, எண்பது சதவீதத்தில் 0.88. அடிதான் முதலில் ஸ்டால் ஆகும், கவலையே இல்லை.

நுனி அடியில் பாதி என்றால் அடி அகலம் 1.667, நுனி 0.833 மீட்டர். இப்போது அடியில் 0.98, பாதி தூரத்தில் 1.05, எழுபது சதவீதத்தில் 1.02. உச்சம் நடு இறக்கைக்கு வந்துவிட்டது. எய்லரான் தொடங்கும் இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை.

நுனியை அடியில் முப்பது சதவீதமாக ஒடுக்கினால் அடியில் 0.91, எழுபது சதவீதத்தில் 1.08. எய்லரான் நடுவில்தான் ஸ்டால் தொடங்கும். பார்க்க அழகாக இருக்கும் இந்த இறக்கையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் அடுத்த கணக்கில் தெரியும்.

முறுக்குக்குக் கணக்கு

இறக்கையின் தூக்கு குணகம் (எவ்வளவு தூக்கு விசை தருகிறது என்பதற்கான எண்) உச்சத்தில் 1.4 என்று வைத்துக்கொள்வோம். பாதியாக ஒடுங்கும் இறக்கையில் எழுபது சதவீத இடத்துக்கும் அடிக்கும் இடையே 0.047 மடங்கு வித்தியாசம். அதை 1.4-ஆல் பெருக்கினால் 0.066. இந்த அளவுக்கு வெளிப்பக்கம் கூடுதலாக உழைக்கிறது. முறுக்கு இதைச் சரிக்கட்ட வேண்டும்.

அதே ஷ்ரெங்க் முறைப்படி, இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு டிகிரி முறுக்கு இருந்தால் தூக்கு குணகத்தில் சுமார் 0.05 வித்தியாசம் வரும். ஏர்ஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்) ஒரு டிகிரிக்கு 0.1 தரும், ஆனால் பக்கத்துப் பகுதிகள் ஒன்றையொன்று பாதிப்பதால் பாதிதான் மிஞ்சும். நுனியில் 2 டிகிரி வைத்து அது சீராகக் கூடிக்கொண்டே போனால் எழுபது சதவீதத்தில் 1.4 டிகிரி. 0.05-ஆல் பெருக்கினால் 0.07. நமக்குத் தேவை 0.066. சரியாகப் போச்சு. "ரெண்டு டிகிரி" என்று சொன்னவர் இந்த மாதிரி இறக்கையை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்.

முப்பது சதவீத இறக்கைக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 0.23 வரும், அதைச் சரிக்கட்ட நுனியில் 6 டிகிரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு முறுக்கினால் வேகமாகப் பறக்கும்போது நுனிப் பகுதி தூக்கு விசையில் தன் பங்கைத் தராமல் சும்மா இழுபடும். வடிவத்தில் செய்த தவறை முறுக்கில் திருத்த முடியாது. மறுபடி வடிவத்துக்கே போய் நுனியை அகலமாக்குங்கள்.

கணக்கில் வராதவை

மேலே வந்த 2 டிகிரி தாளில் சரி. உண்மையான இறக்கையில் சில விஷயங்கள் நமக்கு எதிராக வேலை செய்யும்.

நுனியின் அகலம் குறைவு என்பதால் ரெனால்ட்ஸ் எண்ணும் (வேகம், அகலம், காற்றின் தன்மை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண்) அங்கே குறைவு. ஸ்டால் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்றால், கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டரில் இருக்கும் பெங்களூர்க் காற்றில், நம் எடுத்துக்காட்டின் அடியில் சுமார் 24 லட்சம், நுனியில் 12 லட்சம். எண் குறைந்தால் அதே ஏர்ஃபாயிலும் கொஞ்சம் முன்னதாகவே ஸ்டால் ஆகும். நுனிக்கு ஸ்டாலிலிருந்து கூடுதல் இடைவெளி வேண்டும்.

இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது புரொப்பல்லர் தள்ளும் காற்று அடிப் பகுதியைப் பறக்க வைத்துக்கொண்டே இருக்கும். அடி ஸ்டால் ஆவது தள்ளிப்போகும், அதற்குள் நுனி முந்திவிடலாம். தரையிலிருந்து கிளம்பி ஏறும்போது வரும் ஸ்டால் இந்த வகைதான். இன்ஜினை ஐடிலில் வைத்துச் சாதுவாக ஸ்டால் ஆகும் விமானம், பவரோடு சோதிக்கும்போது குணம் மாறுவதற்கு இதுவே காரணம்.

எய்லரானைக் கீழே இறக்கினால் அந்தப் பக்க நுனி இன்னும் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். பைலட் பதற்றத்தில் குச்சியைத் திருப்பும் நேரமும் அதுதான்.

ஃபிளாப் (தரையிறங்கும்போது பின் விளிம்பில் தாழ்த்தும் பலகை) மட்டும் நமக்குச் சாதகம். உள்பக்கம் ஃபிளாப் இறங்கினால் அடி கூடுதல் கோணத்தில் இருப்பது போல ஆகிவிடும், அதாவது இலவச வாஷ்அவுட். ஆனால் ஃபிளாப் இல்லாமலும் இறங்க வேண்டி வரலாம், அதனால் இதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முறுக்காமலே இதே பலனைத் தரும் வழிகளும் உண்டு. நுனியில் கொஞ்சம் கூடுதல் வளைவுள்ள ஏர்ஃபாயில் வைக்கலாம். எய்லரானுக்கு முன்னால் இறக்கையில் நிரந்தரத் துளைவாய் விடலாம், ஸ்டின்சன் 108-இல் அப்படித்தான் செய்தார்கள். வீட்டில் முதல் விமானம் கட்டுபவருக்கு ஒரே ஏர்ஃபாயிலும் முறுக்கும்தான் சுலபம் என்பது என் கருத்து. இரண்டு ஏர்ஃபாயில் வைத்தால் நடுவில் வரும் ஒவ்வொரு ரிப்பும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) தனி வடிவமாகிவிடும், பிழை நுழைய இடமும் கூடும்.

பலரும் கவனிக்காத இடம்

எனக்குத் தெரிந்து வீட்டில் கட்டுபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அடி ரிப்புக்கும் நுனி ரிப்புக்கும் நடுவே நேர்கோட்டில் தகடோ ஃபோமோ போட்டால் முறுக்கு சீராகப் பரவும் என்று நினைக்கிறோம். செவ்வக இறக்கையில் பரவும். ஒடுங்கும் இறக்கையில் பரவாது.

நம் எடுத்துக்காட்டில் நுனிக்கு 3 டிகிரி என்று வைப்போம். நுனி அகலம் 833 மிமீ, ஆகவே பின் விளிம்பு 44 மிமீ மேலே ஏற வேண்டும். நேர்கோட்டில் இழுத்தால் பாதி தூரத்தில் 22 மிமீ ஏறியிருக்கும். அங்கே அகலம் 1250 மிமீ. 22-ஐ 1250-ஆல் வகுத்தால் வருவது 1 டிகிரி மட்டும்தான், ஒன்றரை இல்லை. எழுபது சதவீதத்தில் 2.1 வந்திருக்க வேண்டிய இடத்தில் 1.6. முறுக்கில் பெரும்பகுதி நுனியில் போய்க் குவிந்துவிடுகிறது.

எனவே கணக்கில் 2 வந்தால் நேர்கோட்டு இறக்கையில் அதே பலனுக்குச் சுமார் 2.5 தேவை. மேலே சொன்ன ரெனால்ட்ஸ், பவர், எய்லரான் விவகாரங்களுக்காக இன்னும் அரை கூட்டி 3 டிகிரி வைப்பேன். செஸ்னாவின் எண்ணும் இதுவே என்பது தற்செயல்தான், அது வேறு இறக்கை.

கோணம் சீராகவே பரவட்டும் என்று ஒவ்வொரு ரிப்பையும் தனித்தனியாகத் திருப்பி வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம்தான். ஆனால் அப்போது பின் ஸ்பாரும் எய்லரான் கீல் கோடும் நேராக இருக்காது. மூன்று கீல் போட்டால் நடுக் கீல் இறுகும், எய்லரான் இடையில் பிடிக்கும். நேர்கோட்டு இறக்கையில் கீல்கள் ஒரே கோட்டில் நிற்கும். நான் நேர்கோட்டுப் பக்கம்தான்.

கட்டும் படி

எதைச் சுற்றி முறுக்குவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். முதன்மை ஸ்பாரைச் சுற்றி முறுக்கினால் அது நேராக இருக்கும், மர ஸ்பாருக்கும் அலுமினிய ஸ்பாருக்கும் இதுதான் வசதி. ஸ்பாரை இரண்டு கனமான தாங்கிகளில் நிறுத்தி, பின் விளிம்புக்கு அடியில் ரிப் ரிப்பாக மரக்கட்டை வைத்து உயரம் கொடுங்கள். கட்டையின் உயரத்தை மேலே சொன்ன மிமீ கணக்கில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ரிப் எண்ணைக் குறித்துவிடுங்கள்.

அளக்க, எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும், ஆனால் அதை நேரடியாக இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் வைக்காதீர்கள். அடிக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என்று பிளைவுட்டில் அச்சுப் பலகைகள் வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் ஏர்ஃபாயில் வளைவு, மேல்பக்கம் நாண் கோட்டுக்கு (முன் விளிம்பையும் பின் விளிம்பையும் இணைக்கும் கோடு) இணையான நேர்கோடு. கேஜை அந்த நேர்கோட்டில் வையுங்கள். லேசர் கட்டிங் செய்யும் கடைகளில் மூன்றையும் ஒரே தாளில் கொடுத்தால் விளிம்பு சுத்தமாக வரும். பலகையை விமானத்தின் நடுக்கோட்டுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் இறக்கையின் டைஹெட்ரல் கோணமும் (நுனி மேல்நோக்கி ஏறும் சாய்வு) அளவில் கலந்துவிடும். பலகை உட்காரும் இடத்தை மார்க்கரில் கோடு போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளக்கலாம்.

கேஜைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை அளந்து சராசரி எடுங்கள், கேஜில் இருக்கும் பிழை கழிந்துவிடும். நுனியில் 0.1 டிகிரி என்பது ஒன்றரை மிமீ. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலிலும் பாருங்கள். இரண்டு கருவியிலும் ஒரே பதில் வந்தால் நம்புங்கள்.

ஃபோமை ஹாட் வயரில் அறுப்பவர்கள் அடி அச்சிலும் நுனி அச்சிலும் மட்டக் கோடு வரைந்து, நுனி அச்சின் கோட்டை மட்டும் 3 டிகிரி சாய்த்து வரைய வேண்டும். இரண்டு கோடும் ரசமட்டத்தில் மட்டமாக நின்றால் முறுக்கு தானே வந்துவிடும். அச்சின் ஓரத்தில் 1 முதல் 40 வரை எண்கள் குறித்து, ஒருவர் சத்தமாக எண்ண, ஹாட் வயர் வில்லின் இரு முனையையும் பிடித்திருப்பவர்கள் ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அடிப் பக்கம் நிற்பவருக்கு நீண்ட பாதை, அவர் கை வேகமாக நகர வேண்டும். நுனிப் பக்கத்தவர் பொறுமையாக நிற்கவில்லை என்றால் ஃபோம் குழிந்துவிடும். வீட்டில் கத்தாமல் இந்த வேலையைச் செய்த ஜோடியை நான் பார்த்ததில்லை.

ஸ்ட்ரட் (உடலிலிருந்து இறக்கையைத் தாங்கும் கம்பி) வைத்த இறக்கை என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பின் ஸ்ட்ரட்டின் நீளத்தைத் திருகாணியில் கூட்டிக் குறைத்து முறுக்கை மாற்றலாம், பைப்பர் கப் போன்ற பழைய விமானங்களில் இப்படித்தான். ஸ்ட்ரட் இல்லாத இறக்கையில் அந்தச் சலுகை கிடையாது. மேல் தோல், கீழ் தோல் இரண்டும் ஒட்டியோ ரிவெட் அடித்தோ மூடியவுடன் இறக்கை ஒரு மூடிய பெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் முறுக்கு மாறாது. கயிற்றுக் கட்டிலில் கயிறு கட்டும்வரை சட்டத்தைக் கோணலாக்க முடியும், கட்டி முடித்த பிறகு முடியாது, அந்த மாதிரி. ஆகவே கடைசித் தோலை மூடும் நாளில் அவசரமே கூடாது. அலுமினியம் என்றால் முதலில் கிளிக்கோவில் (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் பிடிப்பான்) பிடித்து அளந்து, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி ரிவெட் அடித்து, ஒவ்வொரு வரிசைக்கும் பிறகு மறுபடி அளங்கள். மரம் என்றால் பசை காயும் வரை கட்டைகளை எடுக்காதீர்கள்.

வெயிலும் ஒரு எதிரி. 4 மீட்டர் அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2 மிமீ நீளும். மொட்டை மாடி ஷெட்டில் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் இறக்கை வளைந்து, நீங்கள் எடுக்கும் அளவு மாலையில் பொய்யாகிவிடும். காலை ஏழு மணிக்கு அளங்கள். இரண்டு இறக்கையையும் ஒரே காலையில் அளங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 3 டிகிரிக்குப் பதில் 2.7 வந்தால் விமானம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. இடது 2.7, வலது 3.2 என்றால் உடனே தெரியும். குச்சியை விட்டால் ஒரு பக்கம் சாயும், ஸ்டாலில் எப்போதும் அதே இறக்கை முதலில் விழும். இரண்டு பக்கமும் 0.1 டிகிரிக்குள் ஒத்துப்போவதை இலக்காக வையுங்கள். கால் டிகிரிக்கு மேல் போனால் மூடுவதற்கு முன் பிரித்துச் சரிசெய்யுங்கள். எத்தனை டிகிரி என்பதற்காக மாதக்கணக்கில் வாதாடிவிட்டு, இடது வலது ஒப்பிடாமல் மூடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பறந்து பார்ப்பது

இந்த வேலை அனுபவமுள்ள பைலட்டின் கையில், போதிய உயரத்தில், பாராஷூட்டோடு. கட்டியவரே முதல் ஸ்டாலைச் செய்துபார்க்க ஆசைப்பட வேண்டாம்.

இறக்கையின் மேற்பரப்பில் ஒரு விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். அடி, நடு, எய்லரானுக்கு முன், நுனி என்று நான்கு வரிசை போதும். வெள்ளை இறக்கையில் சிவப்பு நூல் கேமராவில் நன்றாகத் தெரியும். வேகத்தை நொடிக்கு ஒரு நாட் வீதம் மெதுவாகக் குறைத்து வரும்போது எந்த வரிசை நூல் முதலில் சுழன்று முன்னால் திரும்புகிறது என்று வீடியோவில் பாருங்கள். முதலில் இன்ஜின் ஐடிலில், பிறகு ஃபிளாப் இறக்கி, கடைசியாகத்தான் பவரோடு. எடையின் மையத்தை முன்னால் வைத்துத் தொடங்கி, பின்னால் நகர்த்துவதைக் கடைசியில் செய்யுங்கள்.

அடியில் நூல் சுழலும்போது எய்லரான் முன் வரிசை இன்னும் ஒட்டிக் கிடந்தால் நல்லது. நடு இறக்கையில் தொடங்கி வெளியே பரவினால், அடியின் முன் விளிம்பில் ஸ்டால் ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கலாம். ஒரு சாண் நீளத்தில், சுண்டுவிரலைவிட மெலிந்த முக்கோண மரப்பட்டை. முதலில் டேப்பில் ஒட்டிப் பறந்து பாருங்கள். சில மிமீ மேலோ கீழோ நகர்த்தினாலே குணம் மாறும், அதனால் ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம் மட்டும். ஸ்டால் வேகம் கொஞ்சம் கூடும், இது தெரிந்தே கொடுக்கும் விலை. இரண்டு பக்கமும் பட்டை ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அதே பிளைவுட் அச்சை வைத்துச் சரிபார்த்து, ஒத்துவந்த பிறகே நிரந்தரமாக ஒட்டி, அந்த உயரத்தையும் அன்றைய எடையையும் லாக் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.